கொஞ்சம் துரு

1998ஆம் வருஷத்து ஆகஸ்ட் மாதம் எனக்கு இரண்டு சுடிதார்கள் வீணாயின. முழங்காலுக்குக் கீழே செங்கல் தூளைத் தேய்த்தது போல ஒரு நிறம். சோப்பு போட்டாலும் லேசாகத் தங்கிவிடும். அம்மா கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டே கேட்டார்: "வேலைக்குத்தான போற? மண்ணுல உருளச் சொல்றாங்களா?"

மண் இல்லை. பூசண வித்துகள். கோதுமை வரிசைகளுக்கு நடுவே நடந்தால் இடுப்பு வரைக்கும் அந்தப் பழுப்புப் பொடி ஏறிவிடும். விரலால் இலையை வழித்தால் ரேகைக்குள் புகுந்துகொள்ளும். கோதுமை இலைத்துரு என்கிற நோயோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் இப்படித்தான் தொடங்கியது, துணியில்.

தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். குன்னூர்ப் பக்கம் ஒரு சோதனைத் திடலில் குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். தினக்கூலி. யாருடைய திடல் என்பது இங்கே வேண்டாம், ஏனென்றால் நான் செய்த ஒரு தப்பையும் எழுதப் போகிறேன். இரண்டு வருஷம் அங்கே இருந்தேன். அதன் பிறகு வேறு வேலை, வேறு ஊர், கல்யாணம். ஆனாலும் இன்றைக்கும் எந்தச் செடியைப் பார்த்தாலும் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிற கை அங்கே பழகிய கைதான்.

நீலகிரியில் கோதுமையா என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, தேயிலை, இவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த நீலகிரி. உருளைக்கிழங்கு வருவதற்கு முன்பே படகர் ஊர்களில் கோதுமையும் பார்லியும் சாமையும் கொறளியும் விளைந்தன. பழனி மலையின் மேல்மட்டத்து ஊர்களிலும் பூண்டோடு கோதுமை இருந்திருக்கிறது. இப்போது அங்கங்கே சின்னத் துண்டுகள்தான். ஆனால் இந்தியக் கோதுமையின் நோய் வரலாற்றில் இந்த இரண்டு மலைகளுக்கும் இருக்கிற இடம், விளைச்சல் அளவைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குப் பெரியது.

காரணம் எளிமையானது. துருப் பூசணம் உயிருள்ள செடியில் மட்டுமே வாழும். சமவெளியில் மார்ச், ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் வெயில் தாளையும் வித்தையும் சேர்த்துக் கொன்றுவிடும். பிறகு நவம்பரில் விதைத்த பயிருக்கு ஜனவரியில் துரு எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தண்டுத்துருவுக்குப் பார்பெரி என்ற முட்புதர் இடைவீடாக இருந்தது. அதை வெட்டி ஒழிக்கப் பெரிய இயக்கமே நடத்தினார்கள். ஆக்ராவில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கே.சி. மேத்தா 1920களிலிருந்து இந்தக் கேள்வியைத் துரத்தினார். காற்றில் என்ன வருகிறது என்று பார்க்கப் பசை தடவிய கண்ணாடித் தகடுகளை ஊர் ஊராக வைத்தார். நம் நாட்டில் பார்பெரிக்கு இதில் வேலையே இல்லை, மலைகளில் வருஷம் முழுக்க நிற்கும் கோதுமைதான் துருவைக் காப்பாற்றி வைக்கிறது என்பது அவர் கண்டது. வடக்கே இமயமலை, தெற்கே நீலகிரியும் பழனி மலையும். நம் குளிர்ந்த கோடையில் துரு சுகமாக இருந்துவிட்டு, பருவம் வந்ததும் காற்றேறி இறங்குகிறது.

1970களில் எஸ். நாகராஜன், எல்.எம். ஜோஷி முதலானவர்கள் இந்தப் பயணத்தை இன்னும் துல்லியமாகப் பின்தொடர்ந்தார்கள். நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் உருவாகும் புயல் சின்னங்கள் தெற்கு மலைகளின் வித்துகளை வாரிக்கொண்டு போய், மத்திய இந்தியாவில் மழையோடு இறக்கிவிடும். தண்டுத்துருவுக்கு இதுதான் முக்கியப் பாதை. இலைத்துருவுக்கு வடக்கிலும் ஊற்று உண்டு, தெற்கிலும் உண்டு. நமக்குப் புயல் என்றால் பள்ளிக்கூட விடுமுறையும் மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவும். நர்மதைக் கரை விவசாயிக்கு அதே புயல் இரண்டு மாதம் கழித்துச் செம்பொடியாகப் போய்ச் சேர்கிறது. 1946-47இல் தண்டுத்துரு மத்திய இந்தியக் கோதுமையைப் பெருமளவில் அழித்தது. அப்படியானால் மலையில் கோடைப் பயிரையே நிறுத்திவிடலாமே என்ற யோசனையும் மேத்தா காலத்திலேயே வந்தது. அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் வந்தது. துரு இருக்கிற இடத்திலேயே துருவோடு மல்லுக்கட்டுவது என்று முடிவு. நோயைச் செயற்கையாகத் தெளிக்கக்கூட வேண்டாம், விதைத்தால் போதும், அதுவாகவே வந்துவிடும்.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ரகமும் ஒரு வரிசை. சில வரிசைகளுக்கு ஒரு முறை, நோய்க்குச் சீக்கிரம் விழுகிற ரகம் ஒன்றை வேண்டுமென்றே நட்டிருப்பார்கள். அதைப் பரப்பி வரிசை என்போம். அதில் துரு பொங்கி, பக்கத்து வரிசைகளுக்கெல்லாம் தாராளமாகப் பரிமாறும். நான் கைலென்ஸும் ஃபீல்டு புக்கும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையிலும் கண்ணாடி இலையைப் பார்க்க வேண்டும். கதிருக்குக் கீழே கடைசியாக வருகிற இலை அது. நெல்லுக்குச் சொல்கிற அதே பேரைத்தான் எங்கள் மேஸ்திரி கோதுமைக்கும் சொன்னார். மணிக்குப் பால் ஏறுவதில் பெரும் பங்கு அந்த இலையுடையது. அது போனால் கதிர் வெறும் பதர்.

இரண்டு விஷயம் எழுத வேண்டும். ஒன்று, இலையில் எத்தனை சதவீதம் துரு. இதற்கு ஒரு படம் கொடுத்திருந்தார்கள். 1892இல் ஆஸ்திரேலியாவில் கோப் என்பவர் வரைந்த அளவுகோல், 1948இல் திருத்தப்பட்டது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அளவுகோலில் 100 என்று போட்டிருக்கும் இலையில் கொப்புளங்கள் உண்மையில் மூடியிருப்பது 37 சதவீதப் பரப்பைத்தான். அதற்கு மேல் இலை தாங்காது. வாழ்க்கையில் நூறு என்று நாம் சொல்கிற பலவும் இப்படித்தான் என்று அப்போது ஃபீல்டு புக்கின் ஓரத்தில் எழுதி வைத்தேன், இருபத்தொரு வயதில் தத்துவம் இலவசமாக வரும்.

இரண்டாவது, கொப்புளத்தின் ரகம். பெரிய கொப்புளம், சுற்றிலும் பச்சை கெடாமல் இருந்தால் எஸ். செடி முழுசாக இடம் கொடுத்துவிட்டது என்று பொருள். சின்னக் கொப்புளம், சுற்றி வெளிறிய வளையம் என்றால் எம்.ஆர். கொப்புளமே இல்லாமல் ஊசி குத்தியது போலச் செத்த புள்ளி மட்டும் இருந்தால் ஆர். பூசணம் நுழைந்த இடத்தில் செடி தன் செல்களையே கொன்று, உயிருள்ள தீனி கிடைக்காமல் அதைப் பட்டினி போட்டுவிட்ட அடையாளம் அந்தப் புள்ளி.

எனக்குப் பிடித்தவை ஆர் வரிசைகள். யாருக்குத்தான் பிடிக்காது? சுற்றிலும் பழுப்பேறிக் கிடக்கும்போது ஒரு வரிசை மட்டும் கழுவி வைத்த மாதிரி நிற்கும். அந்த வரிசைக்குப் பக்கத்தில் போனால் சுடிதார்கூட அழுக்காகாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

கண்ணுக்கே பிடிக்காத சில வரிசைகளும் இருந்தன. அவற்றில் துரு இருந்தது. கொப்புளம் எஸ் அல்லது அதற்கு அடுத்த எம்.எஸ். போதாததற்கு இலை நுனி இரண்டு மூன்று விரலளவு மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. தழைச்சத்து இல்லை என்று நானே முடிவு செய்து, குறிப்பில் 'சத்துக் குறைபாடு, நீக்கலாம்' என்று எழுதினேன். யாரும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை.

எங்களுக்கு மேலே இருந்த சார் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இதே வரிசைக்குப் போன வாரம் என்னம்மா போட்டே?" என்றார். 20. "அதுக்கு முந்தின வாரம்?" 10. "பரப்பி வரிசை?" 10, 40, 80. அவ்வளவுதான். என்ன சொல்ல வருகிறார் என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. அந்த அசிங்கமான வரிசை 30இல் வந்து நின்றுவிட்டது. பரப்பி வரிசையில் எண் போட இலையே இல்லை.

மெதுவாகத் துருவேறும் ரகம் என்று அதற்குப் பெயர். முழு எதிர்ப்பு கிடையாது, பகுதி எதிர்ப்பு. பூசணம் வரலாம், நுழையலாம், கொப்புளமும் வைக்கலாம். ஆனால் எல்லாம் தாமதமாகும். உள்ளே நுழைந்ததிலிருந்து பொடி கிளம்பும் வரையான நாள் கூடும், கொப்புளத்தின் எண்ணிக்கை குறையும், அளவு சிறுக்கும், அதிலிருந்து வருகிற வித்தும் குறையும்.

இதில் என்ன பெரிய லாபம் என்று தோன்றும். வட்டிக்கு வட்டி கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. எளிமைக்காக எண்களை நானே போட்டுக்கொள்கிறேன். நோய்க்கு விழுகிற ரகத்தில் ஒரு கொப்புளம் 10 நாளில் 10 ஆகிறது என்று வையுங்கள். 70 நாளில் 7 சுற்று, அதாவது 1 கோடி. மெதுவாகத் துருவேறும் ரகத்தில் அதே ஒரு கொப்புளம் 14 நாளில் 5 ஆகிறது. 70 நாளில் 5 சுற்றுதான், 3,125. ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் பத்துக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் மீட்டர் வட்டிக்கு வாங்கிய குடும்பமும் சங்கத்தில் வாங்கிய குடும்பமும் முதல் மாதம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

அதனால்தான் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு இந்த ரகங்களை மதிப்பிட முடியாது. வாரா வாரம் ஸ்கோர் எடுத்து, அதை வரைபடமாக்கி, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கிடுவார்கள். பரப்பு சிறியதாக இருந்தால் ரகம் தேறிவிட்டது. என் தப்பு வந்ததும் இங்கேதான். செப்டம்பரில் ஒரு வாரம் விடாத மழை. எனக்கும் காய்ச்சல். ஒரு பகுதியில் இருபது வரிசைகளுக்கு நான் போகவே இல்லை. ஃபீல்டு புக்கில் காலியாக விட மனம் வராமல், வீட்டில் கம்பளிக்குள் உட்கார்ந்து, முந்தின வாரத்து எண்ணைப் பார்த்து உத்தேசமாக நிரப்பினேன். அவசரத்தில் பக்கம் மாறி இரண்டு வரிசைகளுக்கு 40க்குப் பிறகு 20 என்று போட்டுவிட்டேன். துரு பின்வாங்கி எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? சார் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. இருபது வரிசைக்கும் அந்த வாரத்தைச் சிவப்பு மையில் அடித்தார். "காலியா விட்டிருந்தா காலி. இப்ப இது பொய்" என்றார். அந்த வரைபடங்களில் ஒரு புள்ளி இல்லாமலே கோடு போட்டார்கள்.

மஞ்சள் நுனி விஷயத்துக்கும் விடை கிடைத்தது. அது சத்துக் குறைபாடே இல்லை. எல்.ஆர். 34 என்கிற மரபணு இருப்பதற்கான அடையாளம். அது செடியில் இருந்தால் வளர்ந்த இலையின் நுனி இப்படிக் காயும். கதிர் வெளிவரும் பருவத்தில், மரபணுவைக் கண்ணாலேயே பார்க்கிற மாதிரி. நான் நீக்கச் சொன்னது அதைத்தான்.

இந்த மரபணுவின் கதை எனக்குப் பிறகு வருஷக்கணக்கில் பொழுதுபோக்காகிவிட்டது. பிரேசில் நாட்டு ஃப்ரன்டானா என்ற பழைய ரகத்தின் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவியது. இலைத்துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் என்று பலவற்றையும் ஒன்றாக மட்டுப்படுத்துகிறது. 50 வருஷத்துக்கும் மேலாக எந்தத் துரு இனமும் அதை முறியடிக்கவில்லை. 2009இல்தான் அது உண்மையில் என்ன என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆர் வகை மரபணுக்கள் பெரும்பாலும் காவல்காரர்கள். குறிப்பிட்ட எதிரியின் முகத்தை அடையாளம் கண்டு மணியடிப்பவை. எல்.ஆர். 34 காவல்காரன் இல்லை. செல்லின் சவ்வைத் தாண்டிச் சரக்குகளைக் கடத்துகிற ஒரு சுமைகூலி. 2015இல் பிரித்துப் பார்த்த எல்.ஆர். 67 இன்னொரு சுமைகூலி, சர்க்கரை கடத்துகிற குடும்பம். எதிரியின் முகத்தையே பார்க்காத ஒன்றை, முகத்தை மாற்றிக்கொண்டு ஏமாற்ற முடியாதல்லவா.

காவல்காரர்கள் ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. பசுமைப் புரட்சியின் செல்லப்பிள்ளை கல்யாண்சோனா 1960களின் பிற்பாதியில் வந்தது. வடமேற்கு இந்தியா முழுக்க ஒரே ரகம். 1970களின் தொடக்கத்திலேயே இலைத்துருவில் விழுந்தது. ஒரே பூட்டு லட்சக்கணக்கான கதவுகளில் தொங்கினால், அதற்கொரு சாவி தயாராவது எவ்வளவு லாபம் என்று துருவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் எல்லார் வாயிலும் இருந்த பெயர் 77-5, நாடு முழுக்கப் பரவியிருந்த இலைத்துரு இனம். அதற்குத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. பகுதி எதிர்ப்பு ரகத்தை எல்லா இனமும் தாக்கும், ஆனால் எல்லாமே மெதுவாகத்தான் தாக்க முடியும். ஒரு இனத்துக்கு மட்டும் திடீர் யோகம் அடிக்கிற வாய்ப்பு அங்கே குறைவு.

குறையையும் சொல்ல வேண்டும். எல்.ஆர். 34 தனியாக இருந்து, நோய் மிகக் கடுமையாக வந்தால் போதாது. நாற்றுப் பருவத்தில் அதன் வேலை தெரியவே தெரியாது. பசுமைக்குடிலில் தொட்டியில் நட்டுப் பத்து நாள் நாற்றில் சோதித்தால் தோற்ற ரகம் என்று தூக்கி எறிந்துவிடுவோம். அப்படி எத்தனை நல்ல செடிகள் எத்தனை குப்பைக் குழிகளில் போயிருக்கும். இப்படிப்பட்ட மெதுவான மரபணுக்கள் நான்கு ஐந்தை ஒரே ரகத்தில் சேர்த்தால் கிட்டத்தட்ட முழு எதிர்ப்பு போலவே ஆகிவிடும் என்று மெக்சிகோவில் இருக்கிற சிமிட் என்கிற சர்வதேசக் கோதுமை, மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தில் காட்டியிருக்கிறார்கள். சேர்ப்பதுதான் கஷ்டம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்பதால் எது வந்தது, எது வரவில்லை என்று கண்ணால் பிரிக்க முடியாது. நம் வெலிங்டனில் வேறு பாதையிலும் போயிருக்கிறார்கள். காட்டுப் புல் ஒன்றிலிருந்து வந்த எல்.ஆர். 24, அதோடு ஒட்டியே வருகிற தண்டுத்துரு மரபணு எஸ்.ஆர். 24 இரண்டையும் இந்திய ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். அது காவல்காரர் வழி. மலையிலேயே துரு பெருகாமல் இருந்தால் புயல் வந்தாலும் ஏற்றிப் போகச் சரக்கு இருக்காது என்ற நியாயம் அதில் உண்டு. எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் என் மனசு சுமைகூலிகள் பக்கம்தான், அதற்குக் காரணம் அறிவியல் மட்டும் இல்லை.

நாங்கள் சிலோனிலிருந்து திரும்பியவர்கள். 1964 ஒப்பந்தத்தில் பெயர் வந்து, எழுபதுகளில் கப்பலும் ரயிலுமாக வந்து, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட லைனில் இறங்கிய குடும்பம். அப்பாயி சாகும்வரை காப்பியைக் கோப்பி என்றுதான் சொல்வார். அவருடைய பாட்டன் காலத்துக் கதைகளில் மலையெல்லாம் கோப்பித் தோட்டம். அப்புறம் கோப்பி செத்துப் போச்சு, தேயிலை வந்துச்சு என்பார். எதனால் செத்தது என்று அவருக்குத் தெரியாது. 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட காப்பி இலைத்துருதான் அந்தக் கொலைகாரன் என்று கல்லூரியில் படித்தேன். சில பத்து வருஷங்களில் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் நிறைய வேண்டும். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் போய்வந்துகொண்டிருந்த தமிழ்ச் சனம் அங்கேயே குடியிருக்கும் சனமானது. கோதுமைத் துருவுக்கு அது தூரத்துச் சொந்தம்தான், ஆனால் நாங்கள் எந்த மலையில் பிறக்க வேண்டும் என்பதை அந்தக் குடும்பம்தான் தீர்மானித்தது என்று அப்பாயியிடம் விளக்கிப் பார்த்தேன். "அப்ப அந்தப் பொடியத்தான் தினமும் துணியில ஏத்திட்டு வர்றியா?" என்று கேட்டார்.

அறுவடைக்குப் பிறகு ஆயிரம் மணி எண்ணும் வேலை. தட்டில் கொட்டி, பென்சில் நுனியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி, ஆயிரம் சேர்ந்ததும் நிறுக்க வேண்டும். பரப்பி வரிசையின் மணி சுருங்கி, நடுவில் பள்ளம் விழுந்து சீரகம் மாதிரி இருந்தது. சுத்த இலை வரிசையின் மணி திரண்டிருந்தது. 30 வாங்கிய வரிசையின் மணியைப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தராசுக்குக் கொஞ்சம் தெரிந்தது. உடன் எண்ணிய அக்கா ஒருவர், இரண்டு குவியலையும் உள்ளங்கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ரவைக்கு ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த வருஷம் அதே திடல், அதே ரகங்கள், வரிசை எண் மட்டும் மாறியிருந்தது. ஜூலை கடைசியில், போன வருஷம் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்ட சுத்த வரிசைகளில் ஒன்றில் நாலு கொப்புளம் பார்த்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். செத்த புள்ளி இல்லை, நல்ல பெரிய எஸ். விதை கலந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். பத்து நாள் கழித்து 20. அந்த இலைகளைக் கவரில் போட்டு, இனம் பிரித்துப் பார்க்க அனுப்பினார்கள். என் மஞ்சள் நுனி வரிசையில் அந்த வருஷமும் 10, 20, 30.

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், கேரட் பாத்திகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கோதுமை நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வீட்டுக்காரருக்கு இந்த வியாதி பழகிவிட்டது, ஒன்றும் சொல்லாமல் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பயிர் பால் பருவம். கண்ணாடி இலையைத் திருப்பினேன். அங்கங்கே கொப்புளம், விரலில் பொடி. நுனி காய்ந்திருந்தது, ஆனால் மூன்று நாளாக அடித்த பனிக்காற்றிலும் நுனி காயும்.

களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, நோயா? மருந்து அடிக்கணுமா?"

"நோய்தாங்க. எப்பருந்து இப்படி இருக்கு?"

"கவனிக்கலையே."

பத்து இலை பார்த்து, மனசுக்குள் 20 எம்.எஸ். என்று போட்டுக்கொண்டேன். இன்று ஒரு நாள் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, மேலேறுகிற 20ஆ, நிற்கப் போகிற 20ஆ தெரியாது, அடுத்த வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். துக்க வீட்டுச் சேலையில் முழங்கால் வரை பழுப்புப் பொடி ஏறியிருந்தது.

சனிக்கிழமை போனேன். 25.